ரை கட்டின கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கணவாய்க் கறியோடு. சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தபோது ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள்... அதற்கு முந்தைய கிழமை முழுக்க எனக்குத் தேத்தண்ணீர்கூட ஒழுங்காக இறங்கவில்லை.

காரணம்? ஒரு ரை. கழுத்தில் கட்டுகிற சாதாரண ரை. நீல நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. அதைக் கடையில் தெரிந்தெடுத்து வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் அக்கா இருப்பது நெல்லியடியில். அவளுடைய ஒரே மகன் கோகுலன். வேலை யாழ்ப்பாண நகரில் என்பதால் கிழமை நாட்களில் என் வீட்டு மேல் அறையில்தான் தங்குகிறான். ஒரு ஃபின்டெக் கொம்பனியில் மென்பொருள் எழுதுகிற வேலை. ஃபின்டெக் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு — காசும் கைபேசியும் கலியாணம் முடித்துக்கொண்ட தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர் காசுத்தாளைத் தொடாமல், போனை ஒருக்கால் காட்டிவிட்டு விளைமீனைத் தூக்கிக்கொண்டு போகிறாரே, அதற்குப் பின்னால் இருந்து மினக்கெடுகிற ஆட்களில் இவனும் ஒருவன்.

ஊரில் உள்ளவர்களின் காசெல்லாம் இவர்கள் கையால் போய் வருகிறது. ஆனால் ஆட்களைப் பார்க்க வேண்டுமே...

ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க அந்த அலுவலகத்துக்குப் போனேன். பலாலி வீதியில் ஒரு மாடிக் கட்டடம். உள்ளே போனால் ஒருவன் அரைக் காற்சட்டையோடு நடந்து திரிகிறான். ஒரு பெண்பிள்ளை கதிரையில் சம்மணம் கட்டி இருந்து லப்டொப்பைத் தட்டுகிறாள். ஒருவன் காலில் குளியலறைச் செருப்பு. "மனேஜர் ஆர் பிள்ளை?" என்று கேட்டேன். நித்திரை கொள்கிற பூனையின் படம் போட்ட ரீசேட்டுக்குள் நின்ற ஒரு பெடியனைக் காட்டினார்கள். அவர்தான் மனேஜர். பெயர் றிஸ்வான். அந்தக் கட்டடம் முழுவதிலும் ரை கட்டியிருந்தவர் ஒரே ஒருவர் — வாசலில் நின்ற செக்கியூரிட்டி ஐயா.

வீட்டுக்கு வந்ததும் கோகுலனிடம் கேட்டேன்.

"ஏன்ரா, உங்கடை ஓபிசிலை என்ன உடுக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லையே?"

"ஒண்டும் இல்லைச் சின்னம்மா. விரும்பினதைப் போடலாம்."

நான் நம்பினேன். அங்கேதான் பிழை விட்டேன். விரும்பியதைப் போடலாம் என்று எந்த இடத்திலாவது சொன்னால் கவனமாக இருங்கள். போடக்கூடாதது ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். அதை எவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்... நீங்கள் போட்டுக்கொண்டு போன பிறகுதான் தெரியும்.

சரி, ரைக்கு வருகிறேன்.

கோகுலனுக்கு வயது முப்பத்திரண்டு. கலியாணம் பேசத் தொடங்கிக் கனகாலம். ஒன்றில் சாதகம் பொருந்தாது, பொருந்தினால் பொம்பிளை வெளிநாட்டில் இருப்பாள், இங்கே இருந்தால் அவர்களுக்கு வேறு எங்கோ சரிவந்துவிடும். ஒவ்வொன்றும் குழம்பும்போது "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். பரவாயில்லை என்று சொல்கிற முகம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் மதுரா. ஒரு வங்கியில் வேலை. சாதகம் பொருந்தியது. தரகர் இரண்டு பேரையும் போனில் கதைக்க வைத்தார். அன்று இரவு கோகுலன் கீழே இறங்கி வந்து, தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி குசினியில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"சின்னம்மா... இது சரிவந்தால் நல்லம்."

அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவன் வாய் திறந்து ஒன்றை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தரம். இதை எப்படியும் சரிவரப் பண்ண வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பது பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் அக்கா போன் எடுத்தாள். குரலைத் தணித்துக்கொண்டு கதைத்தாள். நெல்லியடியில் அவள் தனியே இருக்கிற வீட்டில், ஆர் கேட்கப் போகிறார்கள் என்று குரலைத் தணித்தாளோ தெரியாது.

"தரகர் சொன்னவர் — பொம்பிளையின்ரை தேப்பன் இந்தக் கிழமை ஒருக்கா ஓபிஸ் பக்கம் வந்து பாப்பாராம். சொல்லாமல் கொள்ளாமல். நாங்கள் தெரிஞ்ச மாதிரிக் காட்டக்கூடாதாம்."

இது எங்கள் ஊர் வழக்கம்தானே. சாதகம் பார்த்தால் போதாது, விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்கு முன்னால் வந்து நின்று, பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரி வாங்கிக் குடித்துக்கொண்டு, ஆள் எப்படி, நடை எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்கிறவர் இரகசியமாகத்தான் வருவார். பார்க்கப்படுகிறவர் வீட்டுக்கும் அது இரகசியமாகவே வந்து சேர்ந்துவிடும்.

"அதுக்கென்ன, வந்து பாக்கட்டும்" என்றேன்.

"விசரே உனக்கு? தேப்பன் கச்சேரியிலை அரசாங்க உத்தியோகம் பாத்துப் பென்சன் எடுத்த மனுசன். உவன் அந்தக் கழுவாத ரீசேட்டோடை வந்து நிண்டால், வேலைவெட்டி இல்லாத காவாலி எண்டெல்லோ நினைப்பார்?"

ரீசேட் கழுவித்தான் இருந்தது. கழுவினது நான். ஆனாலும் அக்கா சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. எங்கள் அம்மா வங்கிக்குப் போவதென்றால் கோயிலுக்கு உடுக்கிற சேலையைத்தான் உடுப்பார். காசு இருக்கிற இடத்துக்கு ஒரு மரியாதை. அந்த எண்ணத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, காசு வேலை பார்க்கிற பெடியன் ரை கட்டாமல் இருந்தால் எங்கோ இடிக்கும்தானே?

அன்று பின்னேரமே கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று நீளக்கைச் சேட், கறுப்புச் சப்பாத்து, அந்த நீல ரை. கோகுலன் அதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

"அங்கை ஒருத்தரும் உது கட்டுறேல்லைச் சின்னம்மா."

"ஒருத்தரும் கட்டாத இடத்திலை நீ கட்டினால்தான்ரா அந்த மனுசன்ரை கண்ணிலை படுவாய்."

"எல்லாரும் பகிடி பண்ணுவாங்கள்."

"பண்ணட்டும். ஒரு கிழமைதானே? மதுராவை நினைச்சுக் கொண்டு கட்டு."

அந்தப் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டான். எங்கள் இருவருக்கும் ரை முடிச்சுப் போடத் தெரியாது. போனில் ஒரு வெள்ளைக்காரன் கட்டிக் காட்டுகிற வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, ஒருவழியாக முடிச்சு விழுந்தது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் கும்பிடுகிற கைகளை வரிசையாக அனுப்பினாள்.

திங்கட்கிழமை போய் வந்தான். "எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கினம்" என்றான். அவர்கள் பார்க்கத்தானே கட்டிக்கொண்டு போனாய் என்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவன் முகம் சரியில்லை. பக்கத்து மேசைப் பெடியன் தோளில் தட்டி, "வாழ்த்துகள் மச்சான்" என்றானாம். றிஸ்வான் தனியே கூப்பிட்டு, "உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டாராம். இவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. எப்படியோ விஷயம் வெளியில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் முடிவாகேல்லை அண்ணை. முடிவானால் முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன்" என்றிருக்கிறான்.

றிஸ்வான் உடனே எழும்பிப் போய்விட்டாராம்.

புதன்கிழமை மத்தியானமே கோகுலன் வீட்டுக்கு வந்துவிட்டான். ரை பொக்கற்றுக்குள் சுருண்டு கிடந்தது. படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினான், எழும்பவில்லை.

"என்னடா?"

"என்னைப் பூட்டிப் போட்டினம் சின்னம்மா."

கணினி திறக்கிறதாம். ஆனால் காசு ஓடுகிற முக்கியமான பகுதிக்குள் அவனால் போக முடியவில்லை. விசாரித்தபோதுதான் ஒரு கூட்டாளி விளக்கம் சொல்லியிருக்கிறான். அந்தத் தொழிலில், எந்நாளும் ரீசேட்டோடு வருகிறவன் ஒருநாள் ரை கட்டிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். அவன் வேறு கொம்பனிக்கு இன்ரவியூவுக்குப் போகிறான். இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து வந்தால், பல இடத்தில் போகிறான். காசு புழங்குகிற இடம் என்பதால், ஒருவர் விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று பட்டால் அவர்கள் முதலில் செய்வது, கணினிச் சாவியைத் திருப்பி எடுப்பது. அவன் குழுவுக்குப் பொறுப்பாக அவனைத்தான் போடுவதாக இருந்தார்களாம். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பார்த்தீர்களா? ஒன்றும் எழுதி வைக்காத இடத்தில் எவ்வளவு பெரிய சட்டம்.

"நீ உண்மையைச் சொல்லுறதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"என்னெண்டு சொல்லுறது? பொம்பிளையின்ரை அப்பா பாக்க வாறார், அதுக்காண்டி வெளிக்கிட்டு வந்தனான் எண்டோ? அந்த ஓபிசிலை பேந்து நான் இருக்க ஏலுமே?"

அதுவும் சரிதான்.

இது போதாதென்று பின்னேரம் அக்காவின் போன். இந்த முறை குரல் தணியவில்லை, அழுகை. அன்று காலையில்தான் மதுராவின் தகப்பனார் வந்து போயிருக்கிறார். எதிர்க்கடையில் நின்று ஆளைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற செக்கியூரிட்டி ஐயாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அந்த மனுசனும் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்: "ஆர், அந்த ரை கட்டின தம்பியே? அவர் இந்த வேலையை விடப்போறாராம். உள்ளுக்கை அப்பிடித்தான் கதைக்கினம்." வீட்டுக்குப் போன தகப்பனார் தரகரிடம் சொல்லிவிட்டார் — நிரந்தரமில்லாத பெடியன், கொஞ்சம் யோசிப்போம் என்று.

கொஞ்சம் யோசிப்போம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காவாலி என்று நினைக்கக்கூடாது என்பதற்காகக் கட்டிய ரை, அவனை வேலை இல்லாதவனாகவே ஆக்கிவிட்டது. வேலையும் ஆட்டம் கண்டுவிட்டது, மதுராவும் கைவிட்டுப் போகிறாள். கோகுலன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லைச் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். எனக்கு அந்தப் படியிலேயே இருந்து அழ வேண்டும் போல் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவனிடம் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் பேசப் போகிறோம் என்று நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் லப்டொப்பை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். என்னையும் இன்ரவியூவுக்கு வந்ததாக நினைத்திருப்பார்கள்.

றிஸ்வான் அன்றைக்கு வேறு ரீசேட். இதில் பூனை முழித்திருந்தது. நான் கதிரையில் இருந்தவுடனேயே கொட்டிவிட்டேன்.

"தம்பி, அவன் ஒரு இடத்துக்கும் போகேல்லை. அவனுக்குக் கலியாணம் பேசுறம். பொம்பிளையின்ரை தேப்பன் வந்து பாப்பார் எண்டு கேள்விப்பட்டு, நானும் தாயும்தான் ரை கட்டி அனுப்பினனாங்கள்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரிக்கிறார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்.

"அன்ரி, நீங்கள் என்ரை உயிரைத் திருப்பித் தந்தீங்கள். உவன் போனால் இந்த வேலையை ஆரை வச்சுச் செய்யிறது எண்டு திங்கக்கிழமை தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. கொழும்பிலை ஒரு கொம்பனி கொத்திக்கொண்டு போகுது எண்டெல்லோ நினைச்சன்."

"அப்ப அவன்ரை வேலை?"

"இப்பவே திறந்து விடுறன். பொறுப்பும் அவனுக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தார். "எங்கடை உம்மாவும் உப்பிடித்தான் அன்ரி. எனக்குக் கலியாணம் பேசேக்கை கோட் ஒண்டு தைச்சு வச்சவ. வெய்யிலுக்கை அதைப் போட்டுக்கொண்டு நான் பட்ட பாடு... ஆனால் நான் லீவு போட்டுட்டுத்தான் அதைப் போட்டனான். அந்தப் புத்தி இவனுக்கு இல்லாமல் போச்சு."

பாதி பாரம் இறங்கியது. மிச்சப் பாதி வட்டுக்கோட்டையில் இருந்தது.

மதுராவின் தகப்பனாருக்கு நானே போன் எடுத்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் அக்கா துள்ளி விழுந்தாள்.

"வேஷம் கட்டி ஏமாத்தப் பாத்தம் எண்டு நாங்களே சொல்லுறதோ? பேந்து என்ன முகத்தோடை கதைக்கிறது?"

"கட்டினது உண்மைதானே அக்கா. இப்ப சொல்லாட்டில் அவன் வேலை இல்லாதவன் எண்டெல்லோ முடிஞ்சு போகும்?"

"உன்னாலைதான் எல்லாம்."

"ஓம், என்னாலைதான். அதாலைதான் நான் எடுக்கிறன்."

எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி தந்தவர் பெயரைச் சொல்லாமல், தரகரை மட்டும் காப்பாற்றினேன், பாவம், அவரும் பிழைக்க வேண்டுமே. எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை வாறம்."

நல்லதற்கா, நாலு வார்த்தை கேட்கவா? அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த இரண்டு நாளும் நான் இருந்த இருப்பை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம்.

ஞாயிறு காலை தகப்பன், தாய், மதுரா மூவரும் வந்தார்கள். அக்கா முதல் நாளே வந்து பலகாரம் சுட்டு அடுக்கியிருந்தாள். கோகுலன் "என்ன உடுக்கிறது சின்னம்மா?" என்று கேட்டான். "தயவுசெய்து என்னட்டைக் கேக்காதை" என்றேன். ஒரு சாதாரண ரீசேட்டோடு இறங்கி வந்தான். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

தகப்பனார் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"நான் உண்மையிலை ரெண்டு தரம் வந்தனான், தம்பி. முதல் வந்தது போன மாதம், உங்கடை ஆக்களுக்கு அது தெரியாது. அண்டைக்கு நீர் ரீசேட்டும் செருப்புமா அந்தத் தேத்தண்ணிக் கடையிலை நிண்டீர். ரெண்டாந்தரம் வரேக்கை ரை, சப்பாத்து... எனக்கு ஒண்டு விளங்க வேணும். இதிலை ஆர் நீர்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரீசேட்தான் ஐயா" என்றான் கோகுலன். "இனிமேலும் அதுதான். பிடிக்கேல்லையெண்டால் இப்பவே சொல்லிப் போடுங்கோ. இன்னொருக்கா வேஷம் கட்ட என்னாலை ஏலாது."

வாய் திறந்து வேண்டும் என்று கேட்ட ஒன்றை, இப்போது அவனே போனால் போகட்டும் என்று மேசையில் வைத்துவிட்டான்.

பதில் தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த மதுரா நிமிர்ந்து இருந்தாள்.

"அப்பா, நான் பாங்கிலை. கிழமை நாளிலை கட்டாயம் சீலை. விடியக் கருக்கலிலை எழும்பி, மடிப்பு மடிப்பாக் கொய்யகம் பிடிச்சு, ஊசி குத்தி, ஸ்கூட்டியிலை காத்துக்குக் குலையாமல் போய்ச் சேரவேணும். சீலைத் தலைப்பு சரியில்லை எண்டு மனேஜர் ஒருக்கா என்னைத் திருப்பி அனுப்பினதும் உங்களுக்குத் தெரியும்." கோகுலனின் ரீசேட்டை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். "ஒரு வீட்டிலை காலமை கண்ணாடிக்கு முன்னாலை ஒரு ஆள் நிண்டால் காணும், ரெண்டு ஆள் தேவையில்லை. எனக்கு ஓம், அப்பா."

நானும் அக்காவும் சேர்ந்து விட்ட மூச்சில், பலகாரத் தட்டில் கை துடைக்க மடித்து வைத்திருந்த கடதாசி லேஞ்சி பறந்து போய்ச் சம்பந்தியின் மடியில் விழுந்தது.